புதுச்சேரியின் பழைய நகரை நடந்தே பார்க்க: முதன்முறை வருபவர்களுக்கு

புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் நடக்கிறார்கள், மஞ்சள் சுவர் ஒன்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் பார்த்தது பழைய நகரின் கிழக்குப் பாதியை மட்டும்தான். வாய்க்காலைத் தாண்டி மேற்கே போனால் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழர் வீதிகள் இருக்கின்றன. அந்தப் பாதியைப் பார்க்காமல் இந்த நகரத்தின் அழகு பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம். எனவே இரண்டு பாதிகளையும் ஒரே காலையில் கோத்துப் பார்க்கும்படி ஒரு நடைவழியை இங்கே சொல்கிறேன்.

மொத்தம் ஐந்தாறு கிலோமீட்டர். நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்துக் காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மதியம் ஒரு மணிக்குள் முடித்துவிடலாம். முழுவதும் சமதரைதான். பெரியவர்கள் கூட வந்தால் பாரதி பூங்காவோடு நிறுத்திக்கொண்டு, மற்றதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாளும் நேரமும்

டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நடப்பதற்கு நல்ல காலம். அக்டோபர் கடைசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் பலமாகப் பெய்யும். அப்போது தாழ்வான வீதிகளில் தண்ணீர் நின்றுவிடும். கத்தரி வெயில் காலத்தில் வந்தே ஆகவேண்டும் என்றால் காலை ஒன்பது மணிக்குள் கிழக்குப் பாதியை முடித்துக்கொள்ளுங்கள்.

கிழமையைப் பார்த்துக்கொள்வது முக்கியம். அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் கூட்டத்தில் வீதிகள் கார்களால் நிரம்பிவிடுகின்றன. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள் சிறந்தது. ஞாயிறு வருகிறவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு: காந்தி வீதி நெடுக நடைபாதைக் கடைகள் விரிக்கும் சண்டே மார்க்கெட்டை அன்றுதான் பார்க்கமுடியும்.

கடைகள் பலவும் மதியம் ஒரு மணிக்குச் சாத்தி நான்கு மணிக்குத் திறப்பது இந்த ஊரின் பழைய வழக்கம். கடைவீதி வேலைகளை அதற்கு முன் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் ஒரு தண்ணீர் பாட்டில், தலைக்குத் தொப்பி அல்லது குடை போதும். காலில் எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு இருக்கட்டும். கோவில், ஆசிரமம், சிலருடைய வீட்டுத் திண்ணை என்று பல இடங்களில் கழற்றவேண்டியிருக்கும். வார் கட்டிய காலணி தொல்லை.

வரைபடம் மனத்தில் இருக்கட்டும்

பழைய நகரம் நீள்வட்ட வடிவில் இருக்கிறது. கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் படேல் சாலை. முன்பு நகரைச் சூழ்ந்திருந்த மதில்களின் போக்கில் அமைந்த இந்தச் சுற்றுச்சாலையை ஊரார் புல்வார் என்பார்கள். புல்வாருக்குள் இருக்கும் வீதிகள் ஒன்றை ஒன்று செங்கோணத்தில் வெட்டிச் செல்கின்றன. கடலை நோக்கிப் போவது ஒரு வரிசை, கடற்கரைக்கு இணையாகப் போவது இன்னொரு வரிசை. பாதை தவறினால் பயப்பட வேண்டியதில்லை. கிழக்கு நோக்கிப் போகும் எந்த வீதியைப் பிடித்தாலும் கடைசியில் கடலைப் பார்த்துவிடலாம்.

இந்த நேர்த்தியான கட்டக் கோடுகளைப் பிரெஞ்சுக்காரர்கள் போட்டதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே வந்து பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு வேர் ஊன்றினார் என்பது உண்மை. ஆனால் 1693-இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்த டச்சுக்காரர்களே இந்தத் தெருத் திட்டத்தை வரைந்தார்கள். ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அதையே கைக்கொண்டார்கள்.

இன்னொரு ஆண்டையும் நினைவில் வையுங்கள்: 1761. அந்த ஆண்டு ஆங்கிலேயர்கள் ஊரைக் கைப்பற்றிக் கோட்டையையும் கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். 1763-இல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, 1765 முதல் அதே கோடுகளின் மேல் நகரை மறுபடியும் எழுப்பினார்கள். ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் வீடுகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த அழிவுக்குப் பிந்தியவை. தெருக்கள் கட்டடங்களைவிட மூத்தவை.

நகரை வடக்கு தெற்காக இரண்டாகப் பிரிப்பது பெரிய வாய்க்கால். அதன் கடல் பக்கம் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளை நகரம், மேற்குப் பக்கம் தமிழர் வாழ்ந்த கறுப்பு நகரம் என்று அந்நாளில் பெயர் வைத்தார்கள். நமக்கு அந்தப் பெயர்கள் இனி வேண்டாம். பிரிவினை எங்கே ஓடியது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

தொடக்கம்: கடற்கரைச் சாலை

புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினால் கடற்கரை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆட்டோக்காரரிடம் கூலியைப் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். விடியற்காலையில் சாலையின் வடபகுதியில், தலைமைச் செயலகத்தின் பக்கம் இறங்கிக்கொள்வது நல்லது. மாலை ஆறு மணியிலிருந்து காலை ஏழரை மணி வரை இந்தச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சூரியன் கடலிலிருந்து எழும் நேரத்தில் சாலை முழுவதும் நடப்பவர்களுக்குச் சொந்தமாக இருக்கும்.

தெற்கு நோக்கி நடங்கள். முதலில் வருவது முதல் உலகப் போரில் உயிரிழந்த வீரர்களுக்காக எழுப்பி 1938-இல் திறந்த நினைவுச்சின்னம். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களை ஊரார் சொல்தா என்பார்கள். ஜூலை 14-ஆம் தேதி, பிரான்சின் தேசிய நாளன்று, அவர்கள் பதக்கங்களை அணிந்துகொண்டு இங்கே மரியாதை செலுத்த வருவார்கள்.

அடுத்து 1836-இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். 1979-இல் தெற்கே புதியது வந்ததும் இதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதன் எதிரே கடலோரத்தில் காந்தி சிலை. சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை அவசரப்படாமல் பாருங்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொல்லப்படும் அந்தத் தூண்களில் நாயக்கர் காலச் சிற்ப வேலை தெரிகிறது. உப்புக்காற்றில் உருவங்களின் முகங்கள் மழுங்கிப்போயிருக்கின்றன. காலை ஏழு மணி வெயில் சாய்ந்து விழும்போது அந்த மெல்லிய செதுக்கல்கள் எழுந்து நிற்கும். பத்து மணிக்கு மேல் பார்த்தால் வெறும் கல்தூண்தான்.

இன்னும் தெற்கே மேரி கட்டடம் என்று எல்லோரும் சொல்லும் பழைய நகர்மன்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மூலக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இப்போது இருப்பது பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டியது. வெள்ளைத் தூண்வரிசையோடு கடலைப் பார்த்து நிற்கும் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பராமரிக்காமல் விட்டால் எவ்வளவு பெரிய கட்டடமும் ஒரே மழையில் போய்விடும் என்பதை இந்த ஊர் அன்றுதான் கண்ணால் கண்டது.

கடற்கரையில் கொட்டிக் கிடக்கும் கருங்கற்களைப் பற்றிக் கேள்வி எழும். மணல் எங்கே? கடல் நீரோட்டம் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக மணலைக் கொண்டுசெல்லும். 1980களில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக எழுப்பிய கற்சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. மணல் வராமல் போனதால் கடல் கரையைத் தின்றது; சாலையைக் காக்கக் கல்லைக் கொட்டினார்கள். 2018 வாக்கில் வடபகுதியில் கடலுக்கு அடியில் தடுப்பு அமைத்த பிறகு தலைமைச் செயலகத்தின் எதிரே மணல் மறுபடியும் சேர்ந்திருக்கிறது. கற்களின் மேல் ஏறவேண்டாம். பாசி வழுக்கும், அலையும் திடீரென்று எழும். அங்கே உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது.

சாலையின் தென்கோடியில் துய்ப்ளே சிலை நிற்கிறது. 1742 முதல் 1754 வரை இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்தவர். அங்கிருந்து திரும்பி, துய்மா வீதிக்குள் நுழையுங்கள்.

துய்மா, ரோமன் ரோலண்ட், சுய்ப்ரேன் வீதிகள்

துய்மா வீதியில் முதலில் பார்க்கவேண்டியது கப்ஸ் கோவில் என்று ஊரார் அழைக்கும் சம்மனசுகளின் அன்னை தேவாலயம். 1855-இல் கட்டி முடித்தது. எதிரே உள்ள தோட்டத்தில் பிரான்சின் வீரப்பெண் ழான் தார்க் சிலை. அதற்கு அப்பால் கடல். காலைத் திருப்பலி நேரமாக இருந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்காருங்கள், படம் எடுக்காதீர்கள். இங்கே பிரெஞ்சு மொழியிலும் திருப்பலி நடப்பதுண்டு.

அதன் பிறகு வடக்கு நோக்கி நெளிந்து நெளிந்து போகலாம். துய்மா வீதியில் கொஞ்சம், ஒரு குறுக்கு வீதியில் திரும்பி ரோமன் ரோலண்ட் வீதியில் கொஞ்சம், மறுபடியும் திரும்பிச் சுய்ப்ரேன் வீதி. மூலைகளில் உள்ள நீலப் பலகைகளில் தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் எழுதியிருக்கும்.

இந்த வீடுகளை எப்படிப் பார்ப்பது? முதலில் மதிலைப் பாருங்கள். பிரெஞ்சு வீடு தெருவுக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. உயரமான சுற்றுச்சுவர், அதில் பட்டையாகப் புடைத்து நிற்கும் அரைத்தூண்கள், மேலே ஓடும் விளிம்பு, நடுவில் வளைவுடன் கூடிய பெரிய வாயில். வீட்டின் முகம் உள்ளே இருக்கும் முற்றத்தையும் தோட்டத்தையும் பார்த்து இருக்கும். வாயிற்கதவு திறந்திருக்கும் அரை நிமிடத்தில் தெரியும் வளைவுத் தூண்வரிசையும் செடிகளும்தான் அந்த வீட்டின் உண்மையான முகப்பு.

பிறகு தலையை நிமிர்த்துங்கள். மாடியிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தாலான மாடம், அதைத் தாங்கும் முட்டுகள், சாய்வுச் சட்டங்கள் அடுக்கிய மரச் சன்னல்கள். காற்று வரவேண்டும், வெயிலும் பார்வையும் வரக்கூடாது என்பதற்காகச் செய்த அமைப்பு அது. கூரை பெரும்பாலும் மட்டமான தளம்: தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிய மெட்ராஸ் தளம். வடிவம் பிரான்சைச் சேர்ந்தது என்றாலும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொத்தனார் கையும் இந்த மண்ணைச் சேர்ந்தவை.

எங்கேயாவது சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தால் அருகில் போய்ப் பாருங்கள். பழைய சுவர் என்றால் மெல்லிய, அகலமான செங்கல்லும், வெள்ளையாக மாவு போன்ற சாந்தும் தெரியும். சிமென்ட் வைத்து ஒட்டுப்போட்ட இடத்தில் சாம்பல் நிறம் தெரியும். அதைச் சுற்றித்தான் உப்பு பூத்துப் பூச்சு பெயர்ந்திருக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும்; சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். பழைய வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று சிமென்ட் பூசியவர்கள் அந்த வீட்டுக்குச் செய்தது கேடு என்பதை இந்த வீதிகளில் சுவர் சுவராகப் பார்க்கலாம்.

ஒன்றை மறக்கவேண்டாம். இவை குடும்பங்கள் வசிக்கும் வீடுகள், பள்ளிகள், அலுவலகங்கள். வாயிற்படியில் உட்கார்ந்தும் சைக்கிளைச் சாய்த்தும் படம் எடுப்பவர்களால் இந்த வீதிக்காரர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்தால் படமும் நன்றாக வரும், யாருக்கும் தொந்தரவும் இருக்காது.

பாரதி பூங்காவும் சுற்றுப்புறமும்

சுய்ப்ரேன் வீதியிலிருந்து வடக்கே வந்தால் பாரதி பூங்கா. 1761-இல் இடித்துத் தள்ளப்பட்ட லூயி கோட்டை இந்தப் பகுதியில்தான் இருந்தது. நிழலில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம்தான் புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருக்கும் ஆயி மண்டபம். அதன் கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். விளக்கொளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோவில் என்று எண்ணி அரசர் ஒருவர் கைகூப்பினார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்க உத்தரவிட்டார். ஆயி தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தாள். நூற்றாண்டுகள் கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது அவள் நினைவாக எழுப்பியது இந்த மண்டபம். ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை வைத்த ஊரில், நடுநாயகமான இடம் தண்ணீர் தந்த ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது. இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் இதுதான்.

பூங்காவைச் சுற்றி ராஜ்நிவாஸ், சட்டப்பேரவை, 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், அருங்காட்சியகம் எல்லாம் இருக்கின்றன. காவல் நிற்கும் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக் காலத்தின் மிச்சம். அருங்காட்சியகம் திறந்திருந்தால் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும், ரோமானியரோடு வணிகம் நடந்த அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மணிகளும் பானை ஓடுகளும் இங்கே இருக்கின்றன. இந்தக் கரைக்குக் கடல்வழி வந்த முதல் அந்நியர்கள் பிரெஞ்சுக்காரர்கள் அல்லர் என்பது அந்த ஓடுகளைப் பார்க்கும்போது நன்றாக விளங்கும்.

பக்கத்திலேயே மணக்குள விநாயகர் கோவில். பாரதியார் நான்மணிமாலை பாடிய பிள்ளையார் இவர்தான். வாசலில் நின்று பக்தர்களை ஆசீர்வதித்துக்கொண்டிருந்த யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. அங்கிருந்து சில நிமிட நடையில் அரவிந்தர் ஆசிரமம். 1910 ஏப்ரலில் இங்கே வந்த அரவிந்தர் 1950-இல் மறையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. முற்றத்தில் மரநிழலில் அவருக்கும் ஆசிரமத்தை நடத்திவந்த அன்னை மீராவுக்கும் ஒரே சமாதி. செருப்பை வெளியே விடவேண்டும், கைப்பேசியை அணைத்துவிடவேண்டும், பேசக்கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் முறைவைத்துப் போய்வாருங்கள்.

வாய்க்காலைக் கடந்து

இப்போது மேற்கே திரும்புங்கள். செஞ்சி சாலைக்கும் ஆம்பூர் சாலைக்கும் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. வெயில் நாட்களில் கறுத்துத் தேங்கி நாறும். மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒரு நிமிடம் பாலத்தில் நில்லுங்கள். கிழக்கே மதில்களும் மரங்களும் தெரியும். மேற்கே கடைப் பலகைகள், மணியோசை, தள்ளுவண்டி, ஸ்கூட்டர் என்று எல்லாம் ஒன்றாக வந்து மோதும்.

முதலில் போகவேண்டியது வைசியாள் வீதி. கலவை சுப்பராய செட்டியார் பெயரால் இப்போது வழங்குகிறது. இரண்டு பெயரும் புழக்கத்தில் உள்ளன. நகரின் பழைய தமிழ் வீடுகள் வரிசையாக நிற்பதை இங்கேதான் பார்க்கலாம். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இந்த முகப்புகளை மீட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது.

ஒரே ஒரு வீட்டின் முன்னால் நின்று மேலிருந்து கீழாகப் பாருங்கள். மாடியில் வளைவுச் சன்னல்கள், அவற்றின் இருபுறமும் இரட்டை அரைத்தூண்கள், மேலே கைப்பிடிச் சுவரில் சிறு தூண்கள்; வாய்க்காலுக்குக் கிழக்கே பார்த்தவைதான். கீழ்த்தளத்தில் அந்த உலகம் முடிந்து நம்முடையது தொடங்குகிறது. மரத்தூண்களின் மேல் தெருவை நோக்கிச் சரியும் ஓட்டுத் தாழ்வாரம். அதற்குள் இடுப்புயரத்துக்கு மெழுகியது போல வழவழப்பான திண்ணை. ஓரத்தில் தலைவைத்துப் படுக்கச் சாய்வாகக் கட்டிய மேடு. நடுவில் பித்தளைக் குமிழ்கள் பதித்த தேக்குக் கதவு, நிலையின் மேல் தாமரையும் கஜலட்சுமியும். கதவு திறந்திருந்தால் நடை, முற்றம், இரண்டாம் கட்டு என்று பார்வை நேராகக் கொல்லை வரைக்கும் போகும்.

கிழக்குப் பாதியில் சுவர் தெருவைத் தள்ளி நிறுத்தியது. இங்கே வீடு தன் சொந்த நிலத்தில் ஒரு பகுதியைத் தெருவில் போகிறவனுக்கு ஒதுக்கியிருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கவும் மழைக்கு நிற்கவும் முகம் தெரியாத வழிப்போக்கன் இரவு படுத்து எழவும் கட்டிய இடம் அது. வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் தாழ்வாரம் இருந்த நாளில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெயில் படாமல் நடக்க முடிந்திருக்கிறது. இப்போது பல தாழ்வாரங்கள் போய்விட்டன. சில திண்ணைகளுக்கு இரும்புக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். பாகப்பிரிவினை, பராமரிப்புச் செலவு, வாகனம் நிறுத்த இடமின்மை என்று அவரவர்க்குக் காரணங்கள் உண்டு. வெளியிலிருந்து வருகிற நாம் அவர்களைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. இருந்தும், தூண் இருந்த இடத்தில் ஷட்டர் கதவைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

திண்ணையில் யாராவது உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லிப் பேச்சுக்கொடுங்கள். “ஐயா, இந்த வீடு ரொம்பப் பழையதா? முற்றத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று பணிவாகக் கேட்டால் பலர் மறுப்பதில்லை. “அதற்கென்ன, வாருங்கள்” என்று தண்ணீர்ச் செம்போடு அழைப்பவர்களும் உண்டு. மறுத்தால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். பத்துப் பேர் கூட்டமாகப் போய்க் கேட்காதீர்கள்; முற்றத்தில் படம் எடுப்பதற்குத் தனியாக ஒரு முறை அனுமதி கேளுங்கள்.

அருகில் ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஆங்கில அரசின் பிடிக்குத் தப்பி 1908-இல் பிரெஞ்சு எல்லைக்குள் வந்தவர் பத்தாண்டு காலம் இந்த வீதிகளில் நடந்தார். 1918-இல் எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். அவருடைய கையெழுத்துப் படிகளையும் படங்களையும் விட, வெளிச்சம் மேலிருந்து இறங்கும் அந்த முற்றத்தில் சற்று நேரம் நிற்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெருமாள் கோவில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் அருங்காட்சியகமாக இருக்கிறது. இரண்டையும் பார்க்க நேரமிருந்தால் நல்லது.

மிஷன் வீதி, பெரிய மார்க்கெட், ரங்கப்பிள்ளை வீடு

மிஷன் வீதிக்கு வந்து தெற்கே திரும்புங்கள். புதுப்பித்த கலவைக் கல்லூரிக் கட்டடத்தைத் தாண்டி, நேரு வீதியின் கடை நெரிசலைக் கடந்ததும் குபேர் அங்காடி. ஊரார் வாயில் பெரிய மார்க்கெட். மணிக்கூண்டை அடையாளமாக வைத்து உள்ளே நுழையுங்கள். பூக்கடை, மீன், காய்கறி, மண்பாண்டம் என்று தனித்தனிச் சந்துகள். காலை பத்து மணிக்குள் என்றால் முழு வேகத்தில் இருக்கும். வழியை மறித்து நிற்காதீர்கள், தலைச்சுமை எடுத்து வருகிறவர்களுக்கு ஒதுங்குங்கள். பசித்தால் இந்தச் சுற்றுவட்டாரத்துச் சிறு ஓட்டல்களில் இட்லியும் பொங்கலும் சூடாகக் கிடைக்கும். கடலோர உணவகங்களில் கொடுப்பதில் ஒரு பங்குதான் செலவாகும்.

மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். 1730களில் கட்டிய இந்த வீடு, ஊரில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று. கீழே செதுக்கிய மரத்தூண்களோடு முற்றம், மேலே ஐரோப்பிய பாணியில் காரைத் தூண்கள். வைசியாள் வீதியில் பார்த்த கலப்பின் தொடக்கத்தை இங்கே காணலாம். உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

மறுபடியும் மிஷன் வீதி வழியாகத் தெற்கே வந்தால் சம்பா கோவில். அமலோற்பவ அன்னையின் பேராலயமான இது 1791-இல் முடிந்தது. இதற்கு முன்னிருந்த தேவாலயம் 1761 அழிவில் போனது. அதை அடுத்து இருந்த வேதபுரீஸ்வரர் கோவிலை 1748-இல் துய்ப்ளே காலத்தில் இடித்தார்கள். அந்த நாளின் வேதனையை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். வேதபுரீஸ்வரர் இப்போது ஈஸ்வரன் கோவில் வீதியில் இருக்கிறார். பேராலயத்தின் முன் நிற்கும்போது இந்த இரண்டு செய்திகளும் தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அழகான நகரங்களின் கீழே இப்படியும் அடுக்குகள் இருக்கின்றன.

இன்னும் தெற்கே முஸ்லிம்கள் வாழும் பகுதி. முல்லா வீதியின் பக்கம் நடந்தால் அகலம் குறைந்த வீதிகள், பள்ளிவாசல், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட அதே வீடுகள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் இந்தப் பக்கம் போவதைத் தவிர்க்கலாம்.

முடியும் இடம்

சுப்பையா சாலைக்கு வந்ததும் 1907-இல் கட்டிய இருதய ஆண்டவர் பசிலிக்காவின் சிவப்பும் வெள்ளையுமான கோபுரங்கள் தெரியும். உள்ளே வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைப் பாருங்கள். சாலைக்குப் பெயர் தந்த வ. சுப்பையா, தொழிலாளர் போராட்டத்தையும் விடுதலைப் போராட்டத்தையும் இந்த ஊரில் முன்னின்று நடத்தியவர். 1936 ஜூலை 30-ஆம் தேதி ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு பேர் உயிரிழந்தார்கள். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் கைக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி.

ரயில் நிலையம் பசிலிக்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. விழுப்புரம் பக்கம் போகிறவர்கள் இங்கேயே வண்டி ஏறலாம். பஸ் பிடிக்கவேண்டியவர்களுக்குப் புதிய பேருந்து நிலையம் வரை ஆட்டோவோ நகரப் பேருந்தோ கிடைக்கும். இரவு தங்குகிறவர்கள் மதிய வெயிலில் அலையாமல் படுத்து எழுந்து, நான்கு மணிக்கு மேல் புல்வாருக்கு வெளியே, தென்மேற்கில் உள்ள தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1826-இல் தொடங்கிய தோட்டம் அது. அரிக்கமேட்டுக்கும் போக நினைத்தால் மறுநாள் காலையை முழுதாக ஒதுக்குங்கள். நடக்கிற தூரம் இல்லை, கடலூர் சாலையில் அரியாங்குப்பம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடிக்கவேண்டும்.